விளம்பரமில்லா வானொலி: கல்லடி முதல் பொத்துவில் வரை, புதிதாகத் தொடங்குவோருக்கு

இலங்கையின் கிழக்குக் கரையில் வானொலி தொடங்க வேண்டும் என்று கிளம்பும் இளைஞர் குழுக்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களை முடிவுசெய்துவிட்டுத்தான் பேச வருகிறார்கள். ஒன்று நிலையத்தின் பெயர், மற்றது டிரான்ஸ்மிட்டரின் விலை. பெயர் எப்படியும் மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனைச் சுற்றித்தான் இருக்கும். (தயவுசெய்து வேறு பெயர் தேடுங்கள். அந்த மீனைக் கொஞ்சம் ஓய்வெடுக்க விடுவோம்.) யார் கேட்கப்போகிறார்கள், எத்தனை மணிக்கு, அந்த நேரத்தில் அவர்கள் கை என்ன வேலை செய்துகொண்டிருக்கும் என்று கேட்டால் மட்டும் பதில் வராது. இந்த வழிகாட்டி அங்கிருந்துதான் தொடங்குகிறது. டிரான்ஸ்மிட்டர் கடைசியில் வரும்.

இந்த வகை வானொலி யாருடையது

வணிக எப்.எம். நிலையம் நேயரின் காதை விளம்பரதாரருக்கு விற்றுப் பிழைக்கிறது. நிறையப் பேரைப் பிடித்துவைக்கச் சினிமாப் பாட்டுத்தான் சுலபமான வழி. அதனால் எந்த நிலையத்துக்குத் திருகினாலும் ஒரே மாதிரிப் பாட்டும் ஒரே மாதிரிச் சிரிப்பும் கேட்கிறது. வணிகமில்லா நிலையத்துக்குப் பணம் வேறு வழியில் வருகிறது: அரசு, பல்கலைக்கழகம், சமய நிறுவனம், நேயர் சந்தா, ஊர்ச் சங்கம். பணம் வரும் வழி மாறும்போது நிகழ்ச்சியும் மாறலாம். ஐம்பது பேர்தான் கேட்பார்கள், ஆனால் அந்த ஐம்பது பேருக்கும் அது வேறெங்கும் கிடைக்காது என்றால், அதற்கும் அரை மணி நேரம் ஒதுக்க முடியும்.

அமெரிக்காவில் எப்.எம். அலைவரிசையின் கீழ்ப்பகுதியை, 88 முதல் 92 மெகாஹேர்ட்ஸ் வரை, வணிகமில்லாக் கல்வி நிலையங்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். செய்தியும் உரையாடலும் மட்டும் தரும் நிலையம், மேற்கத்தியச் செவ்வியல் இசை, ஜாஸ், சமய நிகழ்ச்சி, மாணவர்களே பாட்டைத் தெரிவுசெய்யும் கல்லூரி வானொலி என்று பல வடிவங்கள் அங்கே வளர்ந்தன. பெர்க்லி நகரின் கே.பி.எஃப்.ஏ. நிலையம் 1949இலிருந்தே நேயர் சந்தாவில் ஓடுகிறது. இந்தியாவில் சமுதாய வானொலிக்குத் தனி அனுமதி உண்டு. சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2004 பெப்ரவரியில் அண்ணா எப்.எம். வந்தது. பாம்பனில் மீனவர்களுக்காக 2016இல் கடல் ஓசை தொடங்கியது. நமக்குக் கடலும் ஒன்று, மொழியும் ஒன்று என்பதால், புதிதாக வருபவர்கள் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டியது கடல் ஓசையைத்தான்.

நம் நாட்டில் இந்த எண்ணம் புதிதில்லை. 1981இல் மகாவலி ஆற்றுத் திட்டக் குடியேற்றங்களுக்காக ஒரு சமுதாய வானொலித் திட்டம் தொடங்கியது. தயாரிப்பாளர்கள் ஊருக்குள் போய்ச் சில நாட்கள் தங்கி, அங்குள்ளவர்களை வைத்தே நிகழ்ச்சி பதிந்தார்கள். 1989இல் கொத்மலைச் சமுதாய வானொலி வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் யுனெஸ்கோ உதவியோடு அங்கே இணைய இணைப்பும் கிடைத்தது. நேயர் ஒரு கேள்வி அனுப்புவார், அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, விஷயம் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு வானொலியில் பதில் சொல்வார். அந்த வடிவத்தை இன்றைக்கும் அப்படியே எடுத்தாளலாம். குறை என்னவென்றால், இவையெல்லாம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழேயே இருந்தன. குரல் ஊருடையது, சாவி கொழும்பில். நம் கரையில் ஒலிக்கும் பிறை எப்.எம்.மும் அதே கூட்டுத்தாபனத்தின் பிராந்திய சேவைதான்.

சட்டத்தை முதலில் பார்த்துவிடுங்கள்

எப்.எம்.மில் ஒலிபரப்ப இரண்டு கதவுகளைத் திறக்க வேண்டும். 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் 44ஆம் பிரிவின்படி, தனியாருக்கு ஒலிபரப்பு அனுமதி வழங்குபவர் ஊடகத்துக்குப் பொறுப்பான அமைச்சர். அலைவரிசையை ஒதுக்குவது, 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. சமுதாய வானொலிக்கென்று தனி அனுமதி வகை இல்லை. அதனால் களுவாஞ்சிக்குடி வாசகர் வட்டமும் கொழும்பின் பெரிய கம்பனியும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும். அநியாயம்தான். ஆனாலும் இணையத்தில் வாங்கிய சின்ன டிரான்ஸ்மிட்டரை மொட்டைமாடியில் கட்டி "சும்மா சோதித்துப் பார்ப்பது" குற்றம். பிடிபட்டால் கருவி மட்டுமா போகும், உங்கள் சங்கத்தின் பெயரும் போகும்.

ஆகவே புதிதாக வருபவருக்கு மூன்று நேர்வழிகள் இருக்கின்றன. அரை மணி நிகழ்ச்சியைத் தயாரித்து, ஏற்கெனவே அனுமதி உள்ள பிராந்திய சேவையிடம் நேரம் கேட்பது ஒன்று. இணைய வானொலியாக ஓடவிடுவது இரண்டாவது. ஒலிக்கோப்பை வட்ஸ்அப் குழுக்களில் அனுப்புவது மூன்றாவது. இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துத் தொடங்குங்கள் என்பது என் யோசனை. கையில் பத்துப் பன்னிரண்டு நல்ல நிகழ்ச்சி சேர்ந்த பிறகு முதல் வழியில் கதவைத் தட்டினால் மதிப்போடு திறப்பார்கள். நாலாவதாகச் சிலர் சந்தியில் ஒலிபெருக்கி கட்டுவதைப் பற்றிக் கேட்பார்கள். அதற்குப் பொலிஸ் அனுமதி வேண்டும், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை கட்டாயம் நிறுத்த வேண்டும். போதாக்குறைக்கு, பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உங்களுக்கு ஆயுள் எதிரியாகிவிடும்.

குழுவைப் பிரதேச செயலகத்தில் ஒரு சங்கமாகப் பதிந்துகொள்ளுங்கள். வங்கிக் கணக்கு, கடிதத் தலைப்பு, அரச அலுவலகத்தில் செவ்வி கேட்கும் தைரியம், மூன்றும் அதோடு வந்துவிடும்.

கேட்பவரின் கையைப் பாருங்கள்

நேயர் ஆய்வு என்று பெரிய படிவம் அச்சடிக்க வேண்டாம். ஒரு வாரம் ஊரைச் சுற்றுங்கள். யாருடைய கையும் கண்ணும் வேலையில் இருக்க, காது மட்டும் சும்மா இருக்கிறது என்று பாருங்கள். மருதமுனைக் கைத்தறியில் உட்கார்ந்திருப்பவர், பன்பாய் பின்னும் பெண்கள், கரையில் வலை பொத்துபவர், தையல் மெஷினில் இருப்பவர், பேக்கரியில் இரவு மாப் பிசைபவர், கதிர் விளைந்த வயல் வட்டையில் காவல் இருப்பவர், ஓட்டோ ஓட்டுநர். இவர்கள்தான் வானொலியின் சொந்தக்காரர்கள். போன் திரையில் கண்ணை வைத்திருப்பவரைப் பிடிக்கக் காணொளிக்காரர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஒவ்வொருவரிடமும் மூன்றே கேள்விகள் போதும். எந்த நேரம் வேலை? அப்போது என்ன கேட்கிறீர்கள்? நேற்று ஊரில் உங்களுக்குத் தெரியாமல் போன, தெரிந்திருந்தால் உதவியிருக்கக்கூடிய விஷயம் என்ன? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்களே உங்கள் நிகழ்ச்சி நிரல். வாய்க்காலில் எப்போது தண்ணீர் திறப்பார்கள், முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்களா, மாவடிப்பள்ளிப் பக்கம் வெள்ளம் பாதையை மூடியிருக்கிறதா, கமநல சேவை நிலையத்துக்கு உரம் வந்துவிட்டதா, ஆஸ்பத்திரியில் கண் கிளினிக் எந்த நாள். கொழும்பு நிலையம் எதுவும் இவற்றைச் சொல்லாது. சொல்லவும் முடியாது.

இடமும் வடிவத்தைத் தீர்மானிக்கும். தறிச் சத்தத்துக்குள் கேட்பவருக்குப் பேச்சின் அடியில் இசை ஓடவிட்டால் ஒரு சொல்லும் விளங்காது. அந்த நிகழ்ச்சியில் குரல் மட்டும் இருக்கட்டும், வாக்கியம் சின்னதாக இருக்கட்டும், முக்கியமான நேரத்தையும் தேதியையும் இரண்டு தடவை சொல்லுங்கள். இரவில் வட்டைக் காவலில் தனியே இருப்பவருக்கோ பத்து நிமிடக் கதையையும் ஆறுதலாகச் சொல்லலாம்.

நம் கரைக்குப் பொருந்தும் வடிவங்கள்

நாள் முழுவதும் ஒரே வகை நிகழ்ச்சியைத் தருவது ஒரு முறை. நேரத்தைத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு கூட்டத்தாருக்குக் கொடுப்பது இன்னொரு முறை. சின்ன ஊர் வானொலிக்கு இரண்டாவதுதான் சரிவரும். ஆனால் துண்டு மாறக்கூடாது. வெள்ளி மாலை 5 மணிக்கு வெள்ளாமைச் செய்தி என்றால், மழையோ ஹர்த்தாலோ, வெள்ளி மாலை 5 மணிக்கு அது வந்தே தீர வேண்டும். மூன்று வாரம் நேரம் தவறினால் ஆட்கள் உங்களை மறந்துவிடுவார்கள்.

தொடக்கத்துக்கு வாரம் ஒரு அரை மணி போதும். அதை நான் இப்படி அடுக்குவேன். முதல் இரண்டு நிமிடத்தில் நிலையப் பெயர், தேதி, இன்றைக்கு என்னென்ன வரும். அடுத்த ஐந்தாறு நிமிடம் வானிலை, கடல் நிலை, குள நீர், பாதை. அதன் பிறகு பத்து நிமிடம் ஒரே ஒரு மனிதரின் செவ்வி. பிறகு ஐந்து நிமிடம் ஊர்ப் பாட்டு அல்லது கூத்துத் துண்டு. மிச்ச நேரம் அறிவித்தல்கள். நீங்கள் சேர்த்துவைத்த கருத்துரை எல்லாவற்றையும் இந்த முப்பது நிமிடத்துக்குள் திணிக்காதீர்கள்.

அறிவித்தல்களை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். மரண அறிவித்தலும் ஜனாஸா அறிவித்தலும்தான் இந்தக் கரையில் எல்லாரும் காது கொடுக்கும் நிகழ்ச்சி. அவற்றைக் காசு வாங்காமல் போடுங்கள். ஆனால் ஒரு கட்டுப்பாடு வேண்டும்: இறந்தவரின் வீட்டாரோ, கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரோ, பள்ளிவாசல் நிர்வாகமோ உறுதிசெய்யாமல் ஒரு பெயரும் போகக்கூடாது. உயிரோடிருப்பவரை ஒரு தடவை சாகடித்தால் போதும், நிலையத்தை மூடிவிடலாம்.

கூத்து நம்முடைய பெரிய முதுசம். வடமோடியோ தென்மோடியோ, விடியவிடிய ஆடும் கூத்தை முழுதாகப் பதிந்து போட்டால் ஒருவரும் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் ஆட்டம் கண்ணுக்குரியது. ஒரு பாத்திரம் களரிக்கு வரும்போது பாடும் வரவுப் பாட்டை மட்டும் எடுங்கள். அதற்கு முன் கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரை உட்காரவைத்து, இந்தத் தாளம் ஏன் இந்தப் பாத்திரத்துக்கு என்று அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். பதியும்போது மைக் பாடகருக்குக் கிட்டே, மத்தளத்துக்கு எட்டவே இருக்க வேண்டும். மாறி வைத்தால் பாட்டை மத்தளம் விழுங்கிவிடும். வைகாசியில் கண்ணகியம்மன் சடங்குக் காலத்தில் அம்மனைக் குளிர்விக்கப் பாடும் குளிர்த்திப் பாடலைப் பதிய ஆசை வரும். பூசை செய்யும் கப்புகனாரிடமும் வண்ணக்கரிடமும் கேட்காமல் போனைத் தூக்காதீர்கள். சில பகுதிகளை வெளியில் ஒலிக்கவிட அவர்கள் விரும்பமாட்டார்கள். அது அவர்கள் உரிமை. முஸ்லிம் ஊர்களில் மூத்த பெண்களின் நினைவில் இருக்கும் நாட்டார் கவிகளும் அப்படியே. பாடுபவர் பெயர் சொல்ல விரும்பாவிட்டால் பெயரில்லாமல் போடுங்கள்.

நேயர் தொலைபேசி நிகழ்ச்சியைத் தொடக்கத்தில் தவிருங்கள். நேரலையில் ஒருவர் ஒரு வேட்பாளரையோ பக்கத்து ஊரையோ ஏசிவிட்டால் நிறுத்த உங்களிடம் கருவியும் இராது, அனுபவமும் இராது. அதற்குப் பதில் குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள், கேட்டுத் தெரிந்து போடுங்கள். ரமழானில் ஸஹர் நேர நிகழ்ச்சி, புலமைப்பரிசில் பரீட்சைக்கு முந்திய மாதத்தில் ஆசிரியரின் பத்து நிமிடம், மாரியில் தினசரி வெள்ளச் செய்தி என்று காலத்துக்கேற்ற துண்டுகளைப் பின்னால் சேர்க்கலாம்.

இங்கே நான் பிடிவாதமாகச் சொல்லும் ஒன்று. மருதமுனை, பாண்டிருப்பு, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒரே பாதையில் மாறி மாறி வருகின்றன. ஒலி எல்லைக்கல்லில் நிற்காது. நீங்கள் சொல்லும் ஒவ்வொரு வரியும் அடுத்த ஊருக்கும் கேட்கும் என்று நினைத்தே எழுதுங்கள். ஒரு ஊருக்கான வானொலியாக இருந்தாலும், அறிவிப்பாளர் இரட்டையரில் ஒருவர் மற்ற ஊராராக இருந்தால் பாதிப் பிரச்சினை தானாகவே தீரும். வெள்ளமும் நெல் விலையும் இரு பக்கத்துக்கும் ஒன்றுதானே.

பதிவு

விலை கூடிய மைக் வேண்டாம், நல்ல போன் ஒன்று போதும். வாயிலிருந்து ஒரு சாண் தூரம். மின்விசிறியை நிறுத்துங்கள். தகரக் கூரையில் மழை விழுந்தால் பதிவு முடிந்தது, ஆகவே ஐப்பசி தொடங்குமுன் சில செவ்விகளைச் சேமித்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் காற்று இரையாமலிருக்க மைக்குக்குத் தடித்த காலுறை ஒன்றை மாட்டினால் போதும். ஒவ்வொரு இடத்திலும் ஒருவரும் பேசாமல் பத்து விநாடி பதிந்துகொள்ளுங்கள், வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப அந்த வெறுமை தேவைப்படும். கோப்பை வட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். வெட்டுவதற்கு ஒடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். எல்லா நிகழ்ச்சியையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். மைனஸ் 16 எல்.யூ.எப்.எஸ். (சத்தத்தை அளக்கும் அலகு) என்பது இணைய ஒலிக்குப் பொதுவான அளவு.

அறிவிப்பாளர்கள் கொழும்பு எப்.எம். குரலை எடுத்துக்கொள்வது நம் ஊரின் நிரந்தர நோய். செய்தி வாசிக்கும்போது எழுத்துத் தமிழ் இருக்கட்டும். மற்ற நேரமெல்லாம் வீட்டு முற்றத்தில் பேசுவது போலவே பேசவிடுங்கள்.

இணையத்தில் ஓடவிடும்போது நேயரின் டேட்டாவை நினைத்துப்பாருங்கள். 64 கிலோபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் ஏறத்தாழ 29 மெகாபைட் போகும். வெறும் பேச்சுக்கு 32 கிலோபிட் போதும். அரை மணி நிகழ்ச்சி 7 மெகாபைட்டில் முடியும். ஐஸ்காஸ்ட், அசுராகாஸ்ட் போன்ற இலவச மென்பொருட்கள் உண்டு. சேர்வருக்கு மட்டும் மாத வாடகை கொடுக்க வேண்டும்.

காசும் உரிமையும்

விளம்பரமில்லை என்றாலும் ஆதரவாளருக்கு நன்றி சொல்லலாம். எங்கே கோடு போடுவது என்பதற்கு அமெரிக்க விதி உதவும்: பெயர், இடம், என்ன தொழில் என்று சொல்லலாம், விலையையும் "உடனே வாருங்கள்" என்ற அழைப்பையும் "மிகச் சிறந்த" என்ற புகழ்ச்சியையும் சொல்லக்கூடாது. "இந்த நிகழ்ச்சிக்குக் கைகொடுத்தவர்கள் சம்மாந்துறையில் அரிசி ஆலை நடத்துபவர்கள்" என்பது சரி. "சம்பா மலிவு விலையில்" என்று தொடங்கினால் அது விளம்பரம். அரசியல்வாதியின் காசை வாங்காதீர்கள். தேர்தல் இல்லாத வருடத்திலும் வேண்டாம்.

சினிமாப் பாட்டுக்கு உரிமையாளர் உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் லாபம் பார்க்காத நிலையத்துக்கும் பொருந்தும். உங்கள் ஊர்ப் பாடகர்களைப் பதிந்து, எழுத்தில் சம்மதம் வாங்குவதே மலிவும் பாதுகாப்பும். அரச அலுவலகம் பதில் தராமல் இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வீதி, குளம், வீட்டுத்திட்டம் பற்றிய நல்ல நிகழ்ச்சிகளை ஒரு விண்ணப்பத்திலிருந்தே எழுப்பலாம்.

அனர்த்த நேரம்

1978 நவம்பர் சூறாவளியையும் 2004 டிசம்பர் 26ஐயும் பார்த்த கரை இது. யாராவது "கடல் உள்ளே வருகுது" என்று ஒரு குரல் பதிவு போட்டாலே ஊர் ஓடத் தொடங்கும். ஆகவே எழுத்தில் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: எச்சரிக்கை என்றால் வளிமண்டலவியல் திணைக்களம், அனர்த்த முகாமைத்துவ நிலையம், மாவட்டச் செயலகம் ஆகியவை சொன்னதை மட்டுமே, யார் எத்தனை மணிக்குச் சொன்னது என்பதோடு வாசிப்பது. முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. அறிவிப்பாளர் அறைச் சுவரில் அதைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பழைய எச்சரிக்கை காலாவதியானால் அதையும் சொல்ல வேண்டும்.

எப்.எம். ஏன் இன்னும் தேவை என்பதும் இங்கேதான் விளங்கும். கரண்ட் போய், போன் கோபுரங்களின் பற்றரியும் இறங்கிவிட்டால் இணைய வானொலியும் வட்ஸ்அப்பும் ஊமையாகிவிடும். இரண்டு பற்றரி போட்ட சின்ன ரேடியோ அப்போதும் பேசும். அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் வாதத்தை இதிலிருந்து தொடங்குங்கள்.

அனுமதி கிடைத்த பிறகு

எப்.எம். அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். தட்டையான நம் நிலத்தில் 30 மீற்றர் உயர அன்டெனாவிலிருந்து அடிவானம் சுமார் 22 கிலோமீற்றர். கல்லடியில் வைத்துக் கல்முனைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். வாட்டைக் கூட்டுவதைவிட உயரத்தைக் கூட்டுவது பலன் தரும். இந்தியச் சமுதாய நிலையங்கள் 100 வாட் அளவில் நன்றாகவே ஓடுகின்றன. அன்டெனாவைப் பூட்டாமல் டிரான்ஸ்மிட்டரை ஒருபோதும் ஓடவிடாதீர்கள், அதன் இறுதி நிலை (சக்தியைப் பெருக்கி அன்டெனாவுக்கு அனுப்பும் பகுதி) எரிந்துபோகும். உப்புக் காற்று இணைப்புகளைத் தின்னும், ஆகவே அவற்றுக்கு நீர்புகா நாடா சுற்றி, மாரிக்கு முன்னும் பின்னும் பிரித்துப் பாருங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி கூடுதல். கோபுரத்துக்குத் தரையிணைப்பு போட அனுபவமுள்ள மின்தொழிலாளரையே கூப்பிடுங்கள்.

கடைசியாகக் கோப்புகள். ஒவ்வொரு பதிவுக்கும் தேதி, ஊர், பேசியவர், விஷயம் என்ற ஒழுங்கில் பெயரிடுங்கள். "புதிய பதிவு 17" என்று விட்டால் ஆறு மாதத்தில் ஒன்றும் தேடிப்பிடிக்க முடியாது. ஒரு பிரதி நிலையத்தில், இன்னொன்று வெள்ளம் ஏறாத வேறொரு வீட்டில். சம்மதக் கடிதங்களைப் போனில் படம் பிடித்து அதே கோப்புறைக்குள் போடுங்கள். பேசியவர் இறந்த பிறகு பிள்ளைகள் அந்தக் குரலைக் கேட்டு வருவார்கள். தேடிக் கொடுக்க வேண்டியது நீங்கள்தான்.